ஊழியர்களோடு சேர்ந்து பட்ஜெட் போடுவது: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கணக்கர். சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள சின்ன, நடுத்தர நிறுவனங்களுக்கு வரவு செலவு எழுதிக் கொடுப்பதும், பொங்கல் முடிந்தால் அடுத்த நிதியாண்டுக்குப் பட்ஜெட் போட உதவுவதும் என் வேலை. ஜவ்வரிசி ஆலை, பள்ளி விடுதி, அறக்கட்டளை, காபித் தோட்டம், கொலுசுப் பட்டறை என்று இடம் மாறும், சந்தேகங்கள் மாறுவதில்லை. "இதில் வேலை செய்பவர்களையும் உட்கார வையுங்கள்" என்று நான் சொன்னதும் முதலாளிகள் சில கேள்விகள் கேட்பார்கள், ஊழியர்கள் வேறு சில கேட்பார்கள். இரண்டையும் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன்.

பட்ஜெட்டுன்னா என்னங்க? மாசாமாசம் கணக்கு எழுதுறோமே, அதுதானே?

இல்லை. கணக்கு நடந்து முடிந்ததைச் சொல்கிறது. பட்ஜெட், வரும் ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை எவ்வளவு வரும், அதை எதற்குச் செலவழிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. ஒன்றுக்கு ஒதுக்கினால் இன்னொன்றுக்குக் குறையும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் "இது முக்கியம், அது காத்திருக்கலாம்" என்ற ஒரு முடிவு இருக்கிறது.

இதனால்தான் நிர்வாகத்தில் ஊழியர்களைச் சேர்ப்பது பற்றிய பேச்சை நான் எப்போதும் பட்ஜெட்டிலிருந்து தொடங்குகிறேன். பட்ஜெட்டை மூடிய அறையில் போட்டுவிட்டு மற்றதை எல்லாம் கலந்து பேசலாம் என்றால், பேசுவதற்கு அதிகம் மிஞ்சாது.

முதலாளி போட்ட பணம். அதுல வேலை செய்யறவங்களுக்கு என்னங்க பேச்சு?

ஒரு ஜவ்வரிசி ஆலை முதலாளி என்னிடம் நேரடியாகவே இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். நட்டம் வந்தால் சுமப்பவர் அவர். கடைசி முடிவு அவர் கையில் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பணம் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது ஆபீஸ் மேஜையிலிருந்து தெரிவதில்லை.

அந்த ஆலையில் களத்தில் சரக்கு காயவைக்கும் அக்கா ஒருவர், மூன்று வருஷமாகப் புதுத் தார்ப்பாய் கேட்டுக்கொண்டிருந்தார். தார்ப்பாய் 'இதர செலவு' என்ற தலைப்பில் கிடந்தது. இதர செலவைக் குறைக்க வேண்டும் என்பது ஆபீஸின் தீர்மானம். திடீர் மழை வரும்போதெல்லாம் கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் சரக்கு நனைந்து, நிறம் மங்கி, குறைந்த விலைக்குப் போனது. பேரேட்டில் விலை குறைந்தது தெரியும். ஏன் குறைந்தது என்பது களத்தில் நின்றவருக்கு மட்டுமே தெரியும். முதலாளிக்கு நான் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியிலும் இப்படித்தான். வேன் செலவை ஆபீஸில் சமவெளிக் கணக்கில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டிக்குப் பிரேக்கும் கிளட்சும் எத்தனை மாதத்தில் தேயும் என்று டிரைவரைக் கேட்டிருந்தால், நவம்பரிலேயே அந்தப் பணம் தீர்ந்திருக்காது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சரி. நம்ம ஊர்ல நடக்குமா?

நடந்திருக்கிறது. நாம் அறிந்த இந்தியன் காபி ஹவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்கள், கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கொடுத்த ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை ஏற்று நடத்தினார்கள். முதல் சங்கம் 1957இல் பெங்களூரில் தொடங்கியது. பரிமாறியவர்களும் சமைத்தவர்களும் சேர்ந்து வரவு செலவைத் தீர்மானித்த கடைகள் அவை. ஊர் மக்களே பட்ஜெட்டில் உட்காரும் முறை 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொடங்கியது உண்மைதான். ஆனால் பக்கத்துக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் என்ற பெயரில் கிராமசபைகளில் திட்டப் பணம் பேசப்பட்டது.

ஜவ்வரிசி ஆலைக்காரர்களிடம் நான் இன்னொன்றும் சொல்வேன். நீங்கள் 1981 முதல் இருக்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள். அங்கே உங்களைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? உங்கள் ஆலையில் 15 வருஷம் நின்றவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டா, அப்புறம் முடிவு எடுக்கிறது யாரு? ஓட்டுப் போடணுமா?

ஓட்டு தேவையில்லை. ஆனால் எந்தச் செலவில் யார் முடிவெடுப்பது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும். நான் பட்ஜெட் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டு, நான்கில் ஒரு வார்த்தையை எழுதுவேன்: தெரிவிப்போம், கேட்போம், சேர்ந்து, உங்களுடையது. வங்கிக் கடன் தவணை 'தெரிவிப்போம்'. அதைப் பேசி மாற்ற முடியாது. புது இயந்திரம் 'கேட்போம்'. அதை ஓட்டப் போகிறவர்களின் கருத்தைக் கேட்டு நிர்வாகம் முடிவெடுக்கும். ஷிப்ட் நேரம், பாதுகாப்புச் சாமான் போன்றவை 'சேர்ந்து'. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். ஆயுத பூஜை, டீ செலவு, ஓய்வெடுக்கும் இடத்துக்கு மின்விசிறி போன்றவற்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கி ஊழியர் குழுவிடமே விட்டுவிடுவது 'உங்களுடையது'.

சண்டை வரும் இடங்களில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கட்டம் காலியாக இருக்கும். நிர்வாகம் 'கேட்போம்' என்று நினைத்துப் பேசியிருக்கும். எதிரே உட்கார்ந்தவர் 'சேர்ந்து' என்று நம்பியிருப்பார்.

எப்போ ஆரம்பிக்கணும்? மார்ச் கடைசியில ஒரு கூட்டம் போட்டாப் போதாதா?

போதாது. மார்ச் கடைசியில் எல்லாம் முடிவாகியிருக்கும். கையெழுத்துக்காகக் கூப்பிட்டது போல ஆகிவிடும். ஜனவரி நடுவில் தொடங்கினால் இரண்டு கூட்டம், ஒரு திருத்தம், ஒரு பதில் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.

மலையில் இந்தக் கணக்கு மாறும். ஏற்காட்டுத் தோட்டங்களில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை, சில வருஷம் பிப்ரவரியிலும், காபிப் பழம் பறிப்பு நடக்கும். அப்போது யாரையும் உட்கார வைக்க முடியாது. பறிப்பு ஓய்ந்து, காபிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழைக்குக் காத்திருக்கும் நாட்கள்தான் சரி. தங்கும் விடுதி நடத்துபவர்கள் ஏப்ரல், மே சீசனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். எங்கே நடத்தினாலும் வேலை நேரத்தில், கூலியோடு நடத்துங்கள். ஆறு மணிக்கு மேல் கூட்டம் போட்டால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், முக்கியமாகப் பெண்கள், பாதியில் எழுந்து போவார்கள்.

எங்க ஆளுங்க பாதிப் பேருக்கு எழுதப் படிக்கவே வராது. பட்ஜெட் எப்படிங்க புரியும்?

நம் பக்கத்து மாவட்டமான தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. 1989இல் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது அங்கேதான். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் அந்தக் குழுக்களில் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் பார்த்தார்கள். உங்கள் ஆலையில் வேலை செய்யும் பெண்களில் பலர் இன்றும் ஏதாவது ஒரு குழுவில் கணக்குப் பார்ப்பவர்கள்தான். புரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் கொடுக்கும் தாள்.

ஒரே பக்கம் போதும். வருவது மேலே, போவது கீழே. ஆயிரத்தில் சுருக்கிய எண்கள் வேண்டாம். முழு ரூபாயில் எழுதுங்கள். "நூறு ரூபாய் வந்தால் கிழங்குக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு" என்று நூறு ரூபாயைப் பிரித்துக் காட்டினால் யாருக்கும் விளங்கும். 'தேய்மானம்' என்ற ஒன்றை மட்டும் நின்று விளக்க வேண்டியிருக்கும். வண்டி பழசாகிக்கொண்டே போகிறது, அடுத்த வண்டிக்கு இப்போதே எடுத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்வேன். கணக்கியலில் அது முழுமையான விளக்கம் ஆகாது. அந்தக் கூட்டத்துக்கு அது போதும்.

கூட்டம் போட்டா யாருமே வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. அவங்களுக்கு விருப்பம் இல்லைன்னுதானே அர்த்தம்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். மௌனத்தைச் சம்மதம் என்றும் எழுதிக்கொள்ள வேண்டாம், விருப்பமின்மை என்றும் எழுதிக்கொள்ள வேண்டாம். மேனேஜர் நாற்காலியில், மேஸ்திரி பக்கத்தில், மற்றவர்கள் தரையில். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று பொதுவாக ஒரு கேள்வி. மேஸ்திரியைப் பற்றியே குறை இருப்பவர் அங்கே என்ன பேச முடியும்? சேர்வராயன் மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளி பழங்குடி மக்களும் கீழே சமவெளியிலிருந்து வந்தவர்களும் ஒரே தோட்டத்தில் வேலை செய்வார்கள். கூட்டத்தில் கீழிருந்து வந்த ஆண்கள் பேசுவார்கள். மலையில் பிறந்த பெண்கள் தலையை அசைப்பார்கள். சாதி, ஆண் பெண், நிரந்தரம் தற்காலிகம் எல்லாம் அந்த அறைக்குள் நம்மோடு வந்து உட்காருகின்றன. அதைக் கவனிக்காமல் நடத்தும் கூட்டத்தால் பயன் இல்லை.

எனக்குப் பலன் தந்தது இது. ஒரே வகை வேலை செய்யும் ஐந்தாறு பேராகப் பிரித்து, மேற்பார்வையாளர் இல்லாமல் உட்கார வைப்பேன். கேள்வியைச் சிறிதாக்குவேன். "கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. "போன வருஷம் எந்தப் பொருள் இல்லாமல் வேலை நின்றது?" என்று கேட்பேன். "எதை வாங்கி உபயோகப்படாமல் கிடக்கிறது?" என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத குழுவை நான் இதுவரை பார்க்கவில்லை. சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவேன். பொதுக் கூட்டத்தில் அந்தத் தாளைப் படிப்பேன். யார் சொன்னது என்று சொல்ல மாட்டேன். மேனேஜர் கடைசியில்தான் பேச வேண்டும்.

முதல் தடவை பேசியவருக்கு என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓரிடத்தில் ஒரு தம்பி, ஸ்டோரில் சாமான் கணக்கு சரியில்லை என்று சொன்னார். மறுவாரமே அவரை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியதற்கு வேறு காரணம் இருந்ததாகச் சொன்னார்கள்; இருந்திருக்கலாம். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த இடத்தில் யாரும் பேசவில்லை.

எல்லாரையும் உட்கார வைக்க முடியாது. பிரதிநிதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

நிர்வாகம் நியமிக்கக் கூடாது. அது முதல் விதி. ஒவ்வொரு பிரிவும் தன் ஆளைத் தானே அனுப்பட்டும். அப்படி விட்டால் வருஷா வருஷம் நன்றாகப் பேசுகிற அதே இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்பது அடுத்த சிக்கல்.

நம்மிடமே இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் குடவோலை முறை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். பொறுப்பு 360 நாள். அண்மையில் பதவியில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் தகுதி கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முன் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் இடம் கொடுத்த அதன் மறுபக்கத்தை விட்டுவிடலாம். குலுக்கல், ஒரு வருஷக் காலம், கணக்குக் காட்டும் கடமை மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். நான் உதவிய ஒரு தோட்டத்தில் பெண்கள் பெயரை ஒரு குடத்திலும் ஆண்கள் பெயரை ஒரு குடத்திலும் போட்டு எடுக்கிறார்கள். நன்றாகவே நடக்கிறது.

சம்பளப் பட்டியலை எல்லாருக்கும் காட்டணுமா?

தனி நபர் சம்பளத்தைக் காட்ட வேண்டாம். பிரிவு வாரியாக மொத்தம் காட்டினால் போதும்: உற்பத்தி இத்தனை பேர், இவ்வளவு, ஆபீஸ் இத்தனை பேர், இவ்வளவு, நிர்வாகம் இவ்வளவு. நிர்வாகம் என்ற வரியை மறைக்காதீர்கள். அதை மறைத்தால் மற்ற எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள். முதலாளி எடுத்துக்கொள்ளும் தொகையும் அதில் வர வேண்டும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலை, டெண்டர் போன்றவை வெளியே போனால் தொழிலுக்கே பாதிப்பு. அவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் "இதைக் காட்டவில்லை, இன்ன காரணம்" என்று தாளிலேயே எழுதுங்கள்.

கணக்கைத் திறந்து காட்டினா உடனே சம்பள உயர்வுதானே கேப்பாங்க?

கேட்பார்கள். காட்டாவிட்டாலும் கேட்பார்கள். காட்டினால் கேட்கும் விதம் மாறுகிறது.

ஒரு கணக்கைச் சுவரில் எழுதிப் பாருங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரம்புக்குள் இருக்கும் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் மாதம் 1,000 ரூபாய் கூட்டுகிறோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம். காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13 என்று வைத்தால் 130 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 32.50. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் மாதம் 48 எடுத்து வைக்க வேண்டும். ஆக நிறுவனத்துக்கு ஏறக்குறைய 1,210. ஊழியரின் பங்காக பி.எஃப். 120, ஈ.எஸ்.ஐ. 7.50 பிடித்தது போகக் கைக்கு வருவது 872.50. நாற்பது பேருக்கு ஒரு வருஷத்துக்கு 5,80,800 ரூபாய் ஆகிறது. போனஸில் வரும் மாற்றம் தனி.

இதை ஒரு கூட்டத்தில் எழுதிக் காட்டியபோது இரண்டு தரப்பும் ஆச்சரியப்பட்டது. ஆயிரம் கொடுத்தும் ஏன் குறைவாக வருகிறது என்று ஊழியர்களுக்கு இதுவரை யாரும் விளக்கவில்லை. ஆயிரத்துக்கு மேல் எங்கே போகிறது என்று முதலாளிக்கும் வரி வரியாகத் தெரிந்திருக்கவில்லை. அதே கூட்டத்தில் 21,000 ரூபாய் ஈ.எஸ்.ஐ. வரம்பை ஒட்டி இருந்த ஒருவர், "உயர்த்தினால் எங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரி போய்விடுமா?" என்று கேட்டார். பங்களிப்புக் காலம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. நடுவில் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை பங்களிப்பு தொடரும், அதற்கப்புறம் நிற்கும்; மருத்துவ வசதி அதற்குப் பிறகும் சில காலம் இருந்துதான் முடியும். அவர் கேட்டிராவிட்டால் நாங்கள் அதை யோசித்தே இருக்க மாட்டோம்.

லாபத்தைக் காட்டினா போனஸ் 20 சதவீதம் கேட்டா?

போனஸின் அடி 8.33 சதவீதம், உச்சம் 20 சதவீதம். 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களில், லாபம் இல்லாத வருஷத்திலும் அடித்தொகை உண்டு. புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கும், லாப நோக்கமில்லாத மருத்துவமனை, சமூக நல நிறுவனங்களுக்கும் விதிவிலக்கு இருக்கிறது. அடிக்கும் உச்சிக்கும் நடுவில் எவ்வளவு என்பதை உபரி வைத்தே கணக்கிட வேண்டும் என்பதால், கணக்கைக் காட்டுவது அங்கே உங்களுக்கே உதவி. தீபாவளிக்கு முந்தின வாரம் வாசலில் நின்று பேசுவதைவிட ஜனவரியில் தாளை வைத்துப் பேசுவது இருவருக்கும் நல்லது.

சட்டம் இதை எல்லாம் கட்டாயப்படுத்துதா?

பட்ஜெட்டில் ஊழியரைச் சேர்க்க வேண்டும் என்று தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் 1976இன் 42ஆவது திருத்தத்தில் வந்த அரசியலமைப்பின் 43ஏ பிரிவு, தொழில் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. வழிகாட்டும் கோட்பாடு என்பதால் அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது. 1947 தொழில் தகராறுச் சட்டத்திலேயே 100 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களுக்குப் பணிக்குழு என்ற ஏற்பாடு இருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதை வைத்திருக்கிறது; அரசு உத்தரவிட்டால் அமைக்க வேண்டும், தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தினரைவிடக் குறையக் கூடாது. 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குறைதீர்ப்புக் குழு வேண்டும். உங்களிடம் அந்தக் குழு ஏற்கெனவே இருந்தால் பட்ஜெட் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

யூனியன் இருக்கிற இடத்துல தனியா ஒரு குழு வெச்சாத் தப்பா நினைக்க மாட்டாங்களா?

யூனியனைத் தாண்டிப் போவதற்காக வைத்தால் தப்பாகத்தான் நினைப்பார்கள், சரியாகவே நினைப்பார்கள். யூனியனிடம் முதலில் சொல்லுங்கள். கூலி, போனஸ் ஒப்பந்தம் அவர்களோடு; தார்ப்பாய், பிரேக், கரண்டு போன்றவை குழுவில். இந்த எல்லையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை வராது.

நாங்க டிரஸ்ட். எந்தப் பணம் எதுக்குன்னு நன்கொடை குடுக்கிறவங்களே முடிவு பண்ணிடறாங்க. நாங்க எதைப் பேசறது?

திட்ட அறிக்கை எழுதும்போதே பேசுங்கள். பணம் வந்த பிறகு பேச ஒன்றும் இருக்காது. களப்பணியாளரைக் கேட்காமல் எழுதிய திட்டத்தில் போக்குவரத்துச் செலவு எப்போதும் குறைவாக இருக்கும். ஏற்காட்டு வேன் கதைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை இருந்தது. எந்தச் சம்பளம் நிர்வாகத்தில் வரும், எது வராது என்று ஊழியர்களுக்கு விளக்கவே இல்லையென்றால், ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் ஏன் உயர்வு இல்லை என்ற மனக்கசப்பு தங்கிவிடும்.

எல்லாரையும் கேட்டோம், சொன்னாங்க. ஆனா பாதியைச் செய்ய முடியல. இப்போ எந்த முகத்தோட போறது?

போய்த்தான் ஆக வேண்டும். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தில் 63 பேரிடம் சீட்டு எழுதி வாங்கினோம். நானே தொகுத்து, ஃபைல் போட்டு மேலே அனுப்பினேன். நேரமில்லை என்று அது அலமாரிக்குப் போனது. நானும் நினைவூட்டவில்லை. யாருக்கும் எந்தப் பதிலும் போகவில்லை. அடுத்த வருஷம் மறுபடி சீட்டுக் கொடுத்தோம். பெரும்பாலானவை ஒன்றும் எழுதாமல் திரும்பி வந்தன. ஒரு அண்ணன் மட்டும் நேரில் வந்து, "போன வருஷம் எழுதினது என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. நான் இந்த வேலையை இவ்வளவு பிடிவாதமாகச் செய்வதற்கு அவரும் ஒரு காரணம்.

இப்போது என் முறை இதுதான். மார்ச் 15க்குள் ஒரு தாள் சுவரில் ஒட்டப்படும். சொன்ன ஒவ்வொன்றும் அதில் இருக்கும். எதிரே 'ஏற்றோம்', 'அடுத்த வருஷம்', 'முடியாது' என்பதில் ஒன்று. அதற்கு எதிரே காரணம், தொகையோடு. "நிதி நிலைமை காரணமாக" என்று எழுத விட மாட்டேன். "புது பாய்லர் கேட்டீர்கள்; கடன் தவணை இன்னும் 14 மாதம் இருக்கிறது; அது முடிந்ததும் முதலில் இதுதான்" என்று எழுத வேண்டும். முடியாது என்ற பதிலுக்காக யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை. காரணம் இல்லாத 'முடியாது' வேறு விஷயம்.

ஊழியர்கள் தப்பா முடிவு எடுத்துட்டா?

எடுப்பார்கள், நிர்வாகமும் எடுப்பதுபோல. ஓரிடத்தில் குழு தன் தொகையில் விலை குறைந்த கையுறை வாங்கியது; இரண்டு மாதத்தில் கிழிந்தது. மேனேஜர் உடனே அதிகாரத்தைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். ஒரு வருஷம் பொறுங்கள் என்றேன். அடுத்த தடவை அவர்களே மூன்று கடையில் மாதிரி வாங்கி, போட்டுப் பார்த்து, அப்புறம்தான் வாங்கினார்கள். 'உங்களுடையது' என்று எழுதியதை முதல் தவறில் அழித்தால் அந்தக் கட்டத்துக்கே பொருள் இல்லை.

பட்ஜெட் போட்டாச்சு. வருஷம் முழுக்க என்ன செய்யணும்?

மாதம் ஒருமுறை போட்டதும் ஆனதும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஓர் ஆலையில் கரண்டு பில்லையும் அப்படியே ஒட்டினோம். எலெக்ட்ரீஷியன் அதைப் படித்துவிட்டு, பவர் ஃபேக்டர் குறைவுக்கு அபராதம் என்று ஒரு வரி இருக்கிறதே, கெபாசிட்டர் போயிருக்கிறது, மாற்றினால் இது வராது என்றார். பல மாதமாகக் கட்டிக்கொண்டிருந்த அபராதம். பில் அதுவரை ஆபீஸைத் தாண்டி வந்ததே இல்லை.

ஆறு பேர் வேலை செய்யற கொலுசுப் பட்டறை எங்களோடது. இவ்வளவும் வேணுமா?

வேண்டாம். தாள், குழு, குடம் எதுவும் வேண்டாம். மாதக் கடைசியில் டீ வாங்கி வைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். எத்தனை கிலோ வெள்ளி உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது, சேதாரம் எவ்வளவு என்று மூன்று எண் போதும். வெள்ளி விலை ஏறி இறங்கும் நாட்களில் சேதாரத்தில் ஒரு கிராம் குறைந்தாலும் அது பணம். பற்றவைப்பில் எங்கே வீணாகிறது என்று பற்றவைப்பவரே சொல்வார். மிச்சப்பட்டதில் அவர்களுக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இந்த வருஷம் ஆர்டரே இல்லை. ஆள் குறைக்கணும் போல இருக்கு. இதையும் அவங்ககிட்டயே கேக்கறதா?

கஷ்டமான கேள்வி. "யாரை அனுப்பலாம்?" என்று ஊழியர்களிடம் கேட்கவே கூடாது. அது நம் சுமையை அவர்கள் தலையில் வைத்து, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கச் சொல்வது. கேட்க வேண்டியது வேறு: "இவ்வளவு ரூபாய் குறைகிறது. எப்படியெல்லாம் இதை மிச்சப்படுத்தலாம்?" நிலைமையை முழுதாகக் காட்டி, நிர்வாகம் தன் பங்குக்கு எதைக் குறைத்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஓரிடத்தில் அப்படிக் கேட்டபோது ஓவர்டைமை நிறுத்திவிட்டு, எல்லோரும் மூன்று மாதம் வாரத்தில் ஒரு நாள் குறைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள், யாரும் போகவில்லை. எல்லா இடத்திலும் இப்படி முடியாது. சில சமயம் ஆள் குறைத்தே ஆக வேண்டும். அப்போது அந்த முடிவு நிர்வாகத்துடையது. நிர்வாகமே நேரில் சொல்ல வேண்டும். சட்டப்படியான நோட்டீசும் இழப்பீடும் தர வேண்டும். நல்ல வருஷங்களில் கணக்கைக் காட்டியிருந்தால்தான் கெட்ட வருஷத்தில் காட்டுவதை நம்புவார்கள்.

நான் வேலை செய்யறவன். எங்களையும் கேக்கிறாங்க. நிஜமா கேக்கிறாங்களா, சும்மா பேருக்கா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று விஷயம் பாருங்கள். தாள் கூட்டத்துக்கு முன்பே கைக்கு வந்ததா, அல்லது கூட்டத்தில்தான் நீட்டினார்களா? எது உங்கள் முடிவு, எது அவர்கள் முடிவு என்று எழுதியிருக்கிறதா? போன வருஷம் சொன்னதற்குப் பதில் வந்ததா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். சின்னதாக, தொகையோடு ஒன்றைச் சொல்லுங்கள். "வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதுவதைவிட "களத்துக்கு நான்கு தார்ப்பாய், இந்த அளவு, லீ பஜாரில் விசாரித்த விலை இவ்வளவு, போன வருஷம் மழையில் நனைந்தது இத்தனை மூட்டை" என்று எழுதினால் ஒதுக்கித் தள்ளுவது கடினம். எழுதியதற்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, அடுத்த ஜனவரியில் முதல் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போங்கள்.